ஆப்பிரிக்கக் குளம்பு விலங்குகள்: படத்தில் திருத்த வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் ஆப்பிரிக்கக் குளம்பு விலங்குகளைப் பற்றி வந்த முழுப்பக்க வண்ணப் படத்தைப் பல பள்ளிகளில் வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஓவியங்கள் அருமை. ஆனால் விலங்குகளைக் கட்டம் கட்டிப் பிரித்த விதம் தவறாக இருக்கிறது. வரிக்குதிரையும் ஒகாபியும் 'வரியுள்ளவை' என்று ஒரே கட்டத்தில் நிற்கின்றன. நீர்யானை பன்றிகளோடு இருக்கிறது. இம்பாலா, எலாண்ட், வில்டபீஸ்ட், ஓரிக்ஸ் எல்லாவற்றுக்கும் 'மான் குடும்பம்' என்று தலைப்பு. யானைக்கும் குளம்பு உண்டென்று போட்டிருக்கிறது. சுவரில் ஒட்டிய படம் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்தே மனப்பாடம் செய்வார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

தோலைப் பார்த்துப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒகாபியே சாட்சி. உகாண்டாவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹாரி ஜான்ஸ்டன், காங்கோவின் இதூரிக் காட்டில் குதிரை போன்ற ஒரு விலங்கு வாழ்வதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார். காட்டுவாசிகள் அதன் காலடித் தடத்தைக் காட்டினார்கள். தடத்தில் குளம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. ஒற்றைக் குளம்பை எதிர்பார்த்து வந்தவர், இது வேறு ஏதோ விலங்கின் தடம் என்று தள்ளிவிட்டார். பிறகு வரியுள்ள தோல் துண்டுகள் கிடைத்தன. அவை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும், 1901-ல் விலங்கியலாளர் ஸ்க்ளேட்டர் அந்த விலங்கைக் குதிரைப் பேரினத்திலேயே சேர்த்துப் பெயரிட்டார். அதே ஆண்டு முழுத்தோலும் மண்டையோடுகளும் வந்தபின் இன்னொரு விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர் அதை ஒட்டகச்சிவிங்கியின் உறவாக அடையாளம் கண்டு தனிப் பேரினம் வகுத்தார். கீழ்த்தாடையின் ஓரப்பல் இரண்டு மடலாகப் பிளந்திருப்பது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தின் முத்திரை. அது ஒகாபிக்கும் உண்டு. ஆணின் நெற்றியில் தோல் போர்த்திய சிறு கொம்புகளும் உண்டு. காட்டுவாசிகள் காட்டிய தடம் முதலிலேயே சரியான விடையைச் சொல்லிவிட்டது. 120 ஆண்டுகளுக்கு முன் திருத்தப்பட்ட அதே பிழைதான் உங்கள் படத்தில் திரும்ப வந்திருக்கிறது.

அடிப்படையிலிருந்து சொல்கிறோம். விரல் நுனியில் நகம் தடித்துக் கூடாகி, அந்தக் கூட்டின் மேல் உடலைத் தாங்கி நடப்பவை குளம்பிகள். அவற்றை ரிச்சர்ட் ஓவன் 1848-ல் இரண்டு வரிசைகளாகப் பிரித்தார். உடலின் எடை நடுவிரல் வழியாகத் தரைக்கு இறங்கினால் அது ஒற்றைப்படைக் குளம்பி. மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே இறங்கினால் இரட்டைப்படைக் குளம்பி. விரலை எண்ணுவதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். ஆப்பிரிக்காவில் இல்லாத டாபிருக்கு முன்காலில் நான்கு விரல்கள், ஆனாலும் எடை நடுவிரலில் இறங்குவதால் அது ஒற்றைப்படை வரிசை.

ஆப்பிரிக்காவில் ஒற்றைப்படைக் குளம்பிகள் ஆறே இனங்கள்: சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை, ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை, வெள்ளைக் காண்டாமிருகம், கறுப்புக் காண்டாமிருகம். மீதி எல்லாம் இரட்டைப்படை. பன்றிகள், நீர்யானைகள், மேற்கு, நடு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் கொம்பில்லாத நீர்ச்சருகுமான், ஒட்டகச்சிவிங்கி, ஒகாபி, வடக்கே ஒரே ஒரு மான், பிறகு மாட்டுக் குடும்பம் என்ற பெரும்படை. யானை, முயல் அளவுள்ள ஹைராக்ஸ், கறையான் தின்னும் ஆர்ட்வார்க் மூன்றுக்கும் இந்தப் பட்டியலில் இடமே இல்லை. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 1998-ல் 'ஆப்ரோதீரியா' என்று பெயர் பெற்ற தனிக் கிளையைச் சேர்ந்தவை அவை. யானையின் பாதத்தில் இருப்பது நகம்; எடையைத் தாங்குவது பாதத்தின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை.

இந்த இரண்டு வரிசைகளையும் வகுப்பறையில் எலும்பாகவே காட்டலாம். ஆட்டின் பின்காலில், பின்னோக்கி மடங்குவதுபோலத் தெரியும் மூட்டைக் கறிக்கடையில் கேட்டு வாங்குங்கள். நன்றாக வேகவைத்துப் பிரித்தால் நடுவில் விரலிடுக்கில் பிடிக்கும் அளவுக்கு ஒரு சின்ன எலும்பு கழன்று வரும். அதுதான் ஆஸ்ட்ராகலஸ். மேல் முனையிலும் கீழ் முனையிலும் கப்பி உருளைபோலப் பள்ளம் இருக்கும். இரட்டைப்படைக் குளம்பிகள் எல்லாவற்றிலும் இப்படித்தான், இரண்டு பக்கமும் உருளை. குதிரைக்கோ காண்டாமிருகத்துக்கோ மேல்முனையில் மட்டும் உருளை, கீழ்முனை ஏறத்தாழத் தட்டை. 2001-ல் பாகிஸ்தானில் கிடைத்த தொல்திமிங்கிலப் புதைபடிவங்களின் கணுக்காலில் இந்த இரட்டை உருளை எலும்பு இருந்ததாக இரு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. திமிங்கிலம் இரட்டைப்படைக் குளம்பிகளின் கிளையிலிருந்து வந்தது என்பதை மரபணு முன்பே சொல்லியிருந்தது, எலும்பும் ஒப்புக்கொண்டது.

இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. அதைப் பன்றிக் கட்டத்திலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும். பன்றி நடக்கும்போது நடு இரண்டு விரல்களே எடையைத் தாங்கும், பக்க விரல்கள் பின்னால் தூக்கி நிற்கும். நீர்யானைக்கு நான்கு விரல்களும் தரையில் பதியும். பன்றியின் இரைப்பை எளிய ஒற்றைப் பை. நீர்யானைக்கு அறைகள் பிரிந்த இரைப்பை. அதில் புல் நொதிக்கிறது, ஆனால் அது அசைபோடுவதில்லை. இரவில் கரையேறி அகன்ற உதடுகளால் புல்லைப் பிடுங்கி 40 கிலோ அளவுக்குத் தின்கிறது. அந்தப் பெரிய கோரைப்பற்கள் சண்டைக்குத்தான், மேய்ச்சலுக்கு அவற்றால் பயனில்லை.

அடுத்து, படத்தில் ஒரு வரிகூட இல்லாத வயிறு. எங்களைக் கேட்டால் குளம்புக்கு அடுத்தபடி வயிற்றைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும், ஏனென்றால் எது எங்கே, எந்தப் பருவத்தில், எந்தப் புல்லைத் தின்னும் என்பதை வயிறுதான் தீர்மானிக்கிறது. மாட்டுக் குடும்பத்துக்கும் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்துக்கும் நான்கு அறை இரைப்பை. தின்ற தழை முதலில் பெருவயிற்றில் நுண்ணுயிரிகளால் நொதிக்கிறது, பிறகு வாய்க்குத் திரும்பி வந்து அரைபடுகிறது. துகள் போதிய அளவு சிறுத்தால்தான் அடுத்த அறைக்குப் போக முடியும். ஊட்டத்தைக் கடைசிவரை பிழிந்தெடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் புல் முற்றித் தண்டாகிவிட்டால் இதே ஏற்பாடு இடைஞ்சலாகிறது: நார் சிதைய நேரமாகும், வயிறு காலியாகாது, விலங்கு வயிறு நிறைந்தபடியே மெலியும். வரிக்குதிரைக்கு அந்தத் தடை இல்லை. அதன் இரைப்பை எளியது, நொதித்தல் நடப்பது பின்னால் பெருங்குடலிலும் குடல்வாய்ப் பையிலும். தின்றது விரைவாக வெளியேறிவிடும். ஒரு கவளத்திலிருந்து கிடைக்கும் ஊட்டம் குறைவு. ஆனால் கவளங்களின் எண்ணிக்கையைக் கூட்டி அதை ஈடுகட்டிவிடும். மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால் தண்டை நறுக்கவும் அதற்கு முடியும். மாட்டுக் குடும்பத்துக்கு மேலே வெட்டுப்பல் கிடையாது, கடினமான ஈறுமெத்தைதான்.

சாணமே இதற்குப் போதிய சான்று. வரிக்குதிரையின் லத்தியை உடைத்தால் புல்தண்டு முழுசாகத் தெரியும். மாட்டுக் குடும்பத்துச் சிறு விலங்கான கஸலின் புழுக்கையை உடைத்தால் மாவுபோல நைந்திருக்கும்.

தான்சானியாவின் செரெங்கெட்டியில் இந்த வேறுபாடு லட்சக்கணக்கான கால்களில் நடக்கிறது. உயர்ந்து முற்றிய புல்வெளியில் முதலில் இறங்குவது வரிக்குதிரை. மேல்தண்டை மேய்ந்துவிட்டுப் போகும். அடுத்து அகன்ற வாயுள்ள வில்டபீஸ்ட் வந்து இலையை வழிக்கும். கடைசியாகத் தாம்சன் கஸல் வந்து, தரையோடு தரையாக இருக்கும் தளிரையும் சிறு செடிகளையும் கூரிய வாயால் பொறுக்கும். இந்த வரிசையை 1971-ல் ரிச்சர்ட் பெல் விளக்கினார். முன்னது பின்னதற்கு வழி திறந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். பின்னால் வரும் பெருங்கூட்டத்தோடு போட்டிபோட முடியாமல்தான் வரிக்குதிரை முன்னே ஓடுகிறது என்ற கோணத்தையும் அண்மை ஆய்வுகள் சேர்த்திருக்கின்றன. எப்படியானாலும், முற்றிய புல்லில் முதலில் வாய் வைக்க வரிக்குதிரையால் முடிவது அதன் வயிற்றால்தான்.

'மான் குடும்பம்' என்ற தலைப்புக்கு வருவோம். மான்களுக்கு உரியது கிளைக்கொம்பு. அது முழுக்க எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். மாட்டுக் குடும்பத்தின் கொம்பு அப்படியில்லை: உள்ளே எலும்புத்தண்டு, மேலே நகப்பொருளான உறை, கிளைவிடாது, உதிராது. ஒட்டகச்சிவிங்கிக்குத் தோலும் மயிரும் போர்த்திய எலும்பு முண்டு. காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது, மூக்கெலும்பின் மேல் தோலிலிருந்து வளரும் கெரட்டின் என்ற நகப்பொருள் மட்டும்தான். ஆப்பிரிக்காவுக்கு உரிய மான் ஒன்றே ஒன்றுதான், வடக்கே அல்ஜீரியா, துனிசியாப் பக்கம் வாழும் பார்பரி மான். சகாராவுக்குத் தெற்கே இயற்கையாக ஒரு மான்கூட இல்லை. படத்தில் உள்ள இம்பாலா முதல் ஓரிக்ஸ் வரை எல்லாம் இரலைகள்.

இரலைகளையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட முடியாது. மாட்டுக் குடும்பத்திலிருந்து மாடு, ஆடு, செம்மறி ஆகியவற்றை நீக்கினால் எஞ்சுகிறவற்றைத்தான் இரலை என்கிறோம். அது ஒரே கிளை இல்லை. முறுக்குக் கொம்புள்ள எலாண்ட், குடு, போங்கோ, சிடடுங்கா ஆகியவை கஸலைவிட மாட்டுக்கும் எருமைக்கும் நெருக்கம். வில்டபீஸ்ட், ஹார்ட்டிபீஸ்ட், ஓரிக்ஸ் ஆகியவை குடுவைவிட ஆட்டுக்கு நெருக்கம். எத்தியோப்பியாவின் சிமியன் மலையில் வாழும் வாலியா ஐபெக்ஸ் நம் வரையாடு இருக்கும் அதே குழு. தாம்சன் கஸலின் குழுவில்தான் நம் வெளிமானும் வருகிறது. கோடியக்கரைக்கு மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: அங்கே வெளிமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, திரிந்து வாழும் குதிரை நான்கும் உண்டு. உதிராத கொம்பு, உதிரும் கொம்பு, அசைபோடாத இரட்டைக் குளம்பு, ஒற்றைக் குளம்பு ஆகிய நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

உடல் அளவுக்கும் உணவுக்கும் வாழும் முறைக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் பீட்டர் ஜார்மன் 1974-ல் வகுத்துக் காட்டினார். ஐந்து கிலோ அளவுள்ள டிக்-டிக் என்ற இரலை, உடல் சிறிது என்பதால் ஒவ்வொரு கிலோவுக்கும் அதிக ஆற்றலை எரிக்கிறது. அதற்குத் தளிரும் பூவும் காயும்போலச் சத்துச் செறிந்த உணவு வேண்டும். அத்தகைய உணவு அங்கொன்று இங்கொன்றாகத்தான் கிடைக்கும், ஆகவே கூட்டமாக வாழ முடியாது. இணையாக ஒரு புதர்ப்பகுதியைக் காத்துக்கொண்டு, ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளும். பெரிய உடலோடு முரட்டுப் புல்லைத் தின்னும் ஆப்பிரிக்க எருமை நூற்றுக்கணக்கில் கூடி மேயலாம், எதிரியைக் கூட்டமாகவே எதிர்க்கலாம். எடை, வாயின் அகலம், கூட்டத்தின் அளவு மூன்றையும் படத்தில் ஒரே வரியில் போட்டால் இந்தத் தொடர்பு பிள்ளைகளுக்குத் தானே புலப்படும்.

இதெல்லாம் ஏட்டுப் பாடம்தானே என்று நினைக்க வேண்டாம். நோய்கள் இந்த எல்லைகளை அப்படியே பின்பற்றுகின்றன. நம் ஊரில் கோமாரி வந்தால் மாடு, ஆடு, பன்றிக்கு வரும், குதிரைக்கும் கழுதைக்கும் வராது என்பது கால்நடை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவிலும் அதேதான்: எருமை அந்த வைரஸை நெடுங்காலம் சுமக்கும், வரிக்குதிரையை அது தொடாது. 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் நுழைந்த வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்), பத்தாண்டுகளுக்குள் தென்முனைவரை பரவிக் கால்நடைகளோடு எருமை, வில்டபீஸ்ட், எலாண்ட், ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. வரிக்குதிரை தப்பியது. பிறகு கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளவ்ரைட் குழுவினர் உருவாக்கிய தடுப்பூசியைச் செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குப் போட்டார்கள். காட்டு விலங்குகளுக்கு ஊசி போடவில்லை. மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட், 1970களின் இறுதியில் 13 லட்சத்தை எட்டியது. அதே காலத்தில் வரிக்குதிரை ஏறத்தாழ இரண்டு லட்சத்திலேயே நின்றது, ஏனென்றால் அதை அழுத்திக்கொண்டிருந்தது இந்த நோய் இல்லை. 2011-ல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

வில்டபீஸ்ட் குட்டி போடும் மாதங்களில், மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் தங்கள் மாடுகளை அந்தப் புல்வெளிகளிலிருந்து விலக்கி வைப்பதற்கும் காரணம் உண்டு. வில்டபீஸ்ட் நோயில்லாமல் சுமக்கும் ஒரு ஹெர்ப்பீஸ் வைரஸை அதன் இளங்குட்டிகள் ஏராளமாக வெளியிடும். மாட்டுக்குத் தொற்றினால் பிழைப்பது அரிது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் அப்படியே. வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியின் வளைகளில் வாழும் மென்னுண்ணிகளில் வைரஸ் இருக்கிறது, வார்ட்ஹாக்குக்கு ஒன்றும் ஆவதில்லை, வீட்டுப்பன்றி சாகிறது.

தவறான இடத்தில் வைத்தால் விலங்கே கெட்டுவிடும். கறுப்புக் காண்டாமிருகம் கூரிய மேலுதட்டால் கிளையை வளைத்துத் தழை தின்பது. வெள்ளைக் காண்டாமிருகம் அகன்ற சதுர வாயால் புல் மேய்வது. காட்சியகங்களில் கறுப்புக் காண்டாமிருகத்துக்குத் தழையைக் குறைத்துத் தீவனத்தைக் கூட்டிய இடங்களில் உடலில் இரும்புச்சத்து அளவுமீறிச் சேரும் நோய் கண்டிருக்கிறது. புல் மேயும் வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஒட்டகச்சிவிங்கிக்குத் தானியம் கூடினால் பெருவயிற்றில் அமிலம் ஏறிவிடும். அதற்கு மரத்தழையும் குதிரை மசாலும்தான் ஏற்றவை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பு வில்டபீஸ்ட்டையும் நீல வில்டபீஸ்ட்டையும் ஒரே வேலிக்குள் விட்டதால் கலப்புக் குட்டிகள் பிறந்தன. அந்தக் கலப்புக்கு இனப்பெருக்கத் திறனும் இருப்பதால் ஒரு பண்ணையின் பிழை அடுத்தடுத்த மந்தைகளுக்குப் போகிறது. இப்போது இடம் மாற்றும் முன் மரபணுச் சோதனை தேவைப்படுகிறது.

இன எண்ணிக்கையை அச்சிடும்போது ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது மாறிக்கொண்டிருக்கிறது. 2011-ல் வகைப்பாட்டியலாளர்கள் குரோவ்ஸும் கிரப்பும் உலகின் மாட்டுக் குடும்பத்தை 279 இனங்களாகப் பிரித்தார்கள், பழைய கணக்கைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாறைகளில் குளம்பு நுனியால் நிற்கும் கிளிப்ஸ்பிரிங்கர் ஒன்றே அதில் 11 இனமாகிவிட்டது. பலர் இதை ஏற்கவில்லை. எங்களுக்கும் அது மிகையாகவே படுகிறது. ஒட்டகச்சிவிங்கி கதை வேறு. 2016-ல் வந்த மரபணு ஆய்வு நான்கு இனங்கள் என்றது, 2025-ல் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் நான்கை ஏற்றுக்கொண்டது. ஆகவே படத்தில் 'ஒட்டகச்சிவிங்கி: 1 இனம்' என்று இருப்பதை மாற்ற வேண்டும்.

புகைப்படங்களுக்குப் பெயர் எழுதும்போது அடிக்கடி மாறிப்போகும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். விலாவில் அழுத்தமான கறுப்புப் பட்டை இருந்து, பின்புற வெள்ளை வாலடியோடு நின்றுவிட்டால் தாம்சன் கஸல். அந்த வெள்ளைப் பகுதி வாலுக்கு மேலே ஏறினால் கிராண்ட் கஸல். பின்னங்காலில் கணுவுக்கு மேல் கறுப்பு மயிர்க்கொத்து இருந்தால் இம்பாலா, அதன் பெண்ணுக்குக் கொம்பில்லை. வரி வயிற்றின் அடிவரை போனால் சமவெளி வரிக்குதிரை. வயிறு வெள்ளையாக, கழுத்தடியில் தோல்மடிப்பு தொங்கினால் மலை வரிக்குதிரை. வயிறு வெள்ளையாக, வரி நெருக்கமாக, காது பெரிதாக வட்டமாக இருந்தால் கிரேவி. காண்டாமிருகம் இரண்டுமே சாம்பல் நிறம்தான், நிறத்தைப் பார்க்காமல் உதட்டைப் பாருங்கள். தலையைத் தரையோடு தாழ்த்தி, பிடரியில் திமில் எடுத்து நின்றால் வெள்ளை.

மறுபதிப்பு போடுவதாக இருந்தால் முதல் பிரிவை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று வைத்து, ஒவ்வொரு ஓவியத்துக்கும் கீழே காலடித் தடம், கொம்பின் வகை, இரைப்பையின் வகை, எடை ஆகிய நான்கை மட்டும் போடுங்கள். தடத்தின் பக்கத்தில் சென்டிமீட்டர் அளவுகோல் கட்டாயம் வேண்டும்; அது இல்லாமல் போட்டால் டிக்-டிக்கின் தடமும் எலாண்டின் தடமும் ஒன்றுபோலத் தெரியும். யானைக்குக் கொடுத்திருந்த கட்டத்தைப் பார்பரி மானுக்குக் கொடுக்கலாம். காலடிக் கோட்டோவியங்களை வரைந்து அனுப்ப நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்